எட்டு என்றால் தெரியாது

டேட்டனில், கம்பளக் கடை இருந்து மூடிய கட்டடம்.
இருபத்திரண்டு மேசைகள், இருபத்திரண்டு தொண்டைகள்.
இரவு எட்டே முக்காலுக்கு
என் திரை தானாக ஓர் எண்ணைப் பொறுக்கிச் சுழற்றுகிறது.
ஸ்காட்ஸ்பிளஃப், நெப்ராஸ்கா.
அங்கே இப்போதுதான் இருட்டியிருக்கும்.

நாடு சரியான திசையில் போகிறதா,
தவறான திசையிலா?

எழுதியிருப்பதை எழுதியபடி வாசிக்க வேண்டும்.
குரல் ஏறக் கூடாது. இறங்கவும் கூடாது.
"ம்ஹும்" என்று ஒரு வாடிக்கையாளருக்கு ஒத்து ஊதியதற்கு
டெல்பர்ட்டுக்குப் போன வாரம் எச்சரிக்கைக் கடிதம்.

லோர்னா ப்ரூயிட், வயது அறுபத்தொன்று.
பின்னால் நாய். நாய்க்கும் பின்னால் லாரிகள்.
"சர்க்கரைக் கிழங்கு அறுவடை, ஆலைக்குப் போவுது.
திசைன்னு கேட்டா, கிழக்கே.
எழுதிக்கோ."

கிழக்குக்கு என்னிடம் கட்டம் இல்லை.
கேள்வியை மறுபடி வாசித்தேன்.

பொருளாதாரம்: மிக நன்று, நன்று, சுமார், மோசம்.
"எனக்கா, நாட்டுக்கா?"
உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி, என்றேன்.
அந்த வாக்கியமும் அச்சடித்துத் தந்ததுதான்.

முட்டை விலையைச் சொன்னார்.
மருமகன் விற்ற டிராக்டர் என்ன விலைக்குப் போனது என்று சொன்னார்.
ஓய்வுக்காலச் சேமிப்பு மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம்,
அதை வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறதாம்.
"அப்போ நன்றுன்னு போடு. இல்ல, இரு.
நம்ம ஆளு தோத்துட்டாரே இந்தத் தடவை.
மோசம்னு போடு."
நான்கை அழுத்தினேன்.

பதினேழாவது கேள்வி.
கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு.
நாக்கு இடறாமலிருக்க
அதன் பெயரை அசை அசையாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.
அங்கே நமது படைகளை அனுப்புவதை நீங்கள்
வலுவாக ஆதரிக்கிறீர்களா, ஓரளவு ஆதரிக்கிறீர்களா,
ஓரளவு எதிர்க்கிறீர்களா, வலுவாக எதிர்க்கிறீர்களா?

லாரிச் சத்தம் அறுந்தது. கதவைச் சாத்தியிருப்பார்.
திரையின் மூலையில் நொடிகள்.
முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

"ஓரளவுன்னா எத்தனை பேர், கண்ணு?"

விளக்கம் தர எனக்கு அனுமதி இல்லை.
வாசித்தேன், வலுவாகவிலிருந்து வலுவாகவரை.
"தெரியல" என்றார்.

தெரியாதுக்கு எட்டு. பதில் மறுப்புக்கு ஒன்பது.
எட்டை அழுத்தினேன்.
எனக்கு எட்டாதது எல்லாம் அந்த எட்டுக்குள் போகிறது,
அடுத்த கேள்வி தானே வந்து நிற்கிறது.

படிப்பு, வருமானம், தேவாலயம், துப்பாக்கி உண்டா.
முடிந்தது, நன்றி, என்று நான் வாசிக்கும்போது
குறுக்கே வந்தார்:
"அது சரி, நீ என்ன சொல்லியிருப்பே?"

மேற்பார்வையாளர் எந்த இணைப்பில் காது வைத்திருக்கிறார் என்று
யாருக்கும் தெரியாது.
பன்னிரண்டு பக்க வினாத்தாளில்
இதற்கு மட்டும் ஒரு வரி இல்லை.
"ம்ஹும்" என்றேன்.
அது ஆமாவா இல்லையா என்று எனக்கே பிடிபடவில்லை.
அவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

ஞாயிறு. வேய்ன் அவென்யூவில் ஒரு பார்.
ஒலி அடங்கிய தொலைக்காட்சியில்
நாட்டின் மனசு நான்கு தூண்களாக எழும்புகிறது.
ஆயிரத்து நான்கு பேர், பிழை மூன்று சதவீதம்.
இரண்டு கழுத்துப் பட்டைகள் அதை வைத்து
வாய் ஓயாமல் அடித்துக்கொள்கின்றன.
ஓரத்தில் விரற்கடை உயரத்துக்குச் சாம்பல் நிறம்:
எங்கள் எட்டுகள்.
அதில் ஒன்று ஒரு சமையலறை,
சாத்திய கதவு, முப்பத்திரண்டு நொடி.

தூண்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கும்போதே
யாரோ கால்பந்துக்கு மாற்றச் சொன்னார்கள்.
மாற்றினார்கள்.

எனக்கான கடிதம் இன்னும் வரவில்லை.