மூன்றாம் பக்கத்தில் வருபவன்

கிளாக்ஸ்விக் நூலகத்தில் புதன்கிழமை வாசிப்பு.
பன்னிரண்டு பக்கக் கதை.
பெரிய வெள்ளியன்று மழைக்கு ஒதுங்கக்
கதவு தட்டுகிறான் ஒருவன்.

அப்பம் என்றால் திருவிருந்து என்றார் போதகர்.
மூன்று மீன், மும்முறை மறுதலிப்பு என்றாள் மார்யுன்,
பென்சிலால் ஓரத்தில் கொம்பு வரைந்தபடி.
கந்தக வாடை எங்கே என்று தேடினோம்;
ஈரக் கம்பளி வாடைதான் இருந்தது.
அதையும் சேர்த்துக்கொண்டோம்.

பிறகு அந்தக் கால்.
இழுத்து இழுத்து வருகிறானே,
அது குளம்பு, சந்தேகமே இல்லை என்றேன் நான்.
தலைகள் ஆடின.

ஹெய்னி காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தான்.
மீன்படகின் வின்ச்சில் சிக்கிய இடதுகால்.
நாற்காலியிலிருந்து கதவு வரை
பலகைத் தரை
ஒவ்வோர் அடியையும் உரக்க வாசித்தது.

வெளியே மழை.
கதையில் அவனுக்குக் கதவைத் திறந்தார்களா என்று
யாருக்கும் நினைவில்லை.