கண்ணாடி போடாத படம்

கஸ்தூரியார் வீதிக் கடையில்
இமெல்டா தந்துவிட்டுப் போன பண்ணைக் கடல்.
கிட்ட நின்றால் கடலே இல்லை:
கத்தியால் இழுத்த சாம்பல்,
அதன்மேல் இன்னும் காயாத ஒரு மஞ்சள்,
தடுமாறிய நாலு கோடு.

வாசல்வரை பின்வாங்கினேன்.
கோடுகள் களங்கட்டித் தடிகளாயின.
தண்ணீர் எது, வானம் எது என்று
பிரிக்க மனமில்லாத வெளிச்சம்.

அந்தோனியார் படம் எடுக்க வந்த
சவிரிமுத்து நின்று பார்த்தார்.
"சோளகம் விழுந்த நேரம்.
முழங்கால் தண்ணி.
இன்னும் கொஞ்சத்தால கண் கூசும்."
வள்ளம் ஒண்டையும் காணேல்லையே, என்றேன்.
"இந்தத் தண்ணிக்கு ஆர் வருவினம்?"

அளவெடுத்துக் கண்ணாடி வெட்டி வைத்தேன்.
நடுக்கடலில் என் டியூப்லைட்,
என் நெற்றி,
தலைகீழ் எழுத்தில் எதிர்க்கடைப் பெயர்ப்பலகை.

கழற்றிவிட்டேன்.
பில்லில் சட்டத்துக்கு மட்டும் காசு.