லார்ஜ் சைஸ்

பனகல் ரோட்டு மெடிக்கலில்
எண்ணூறு சொன்ன பெல்ட்டை
அறுநூற்றைம்பதுக்குப் படியவைத்தவள் தவமணி.
மீடியம் எனக்குப் பிடிக்கிறது,
லார்ஜ் அவளுக்குத் தொளதொளக்கிறது.
லார்ஜே இருக்கட்டும் என்றாள்,
சிலிண்டர் சுமப்பவன் நான் என்பதால்.

விளாங்குடியில் மூன்று மாடி ஏறி
இறக்கிவைத்து நிமிர்கையில்
பின்னாலிருந்து யாரோ
தாங்கிக்கொள்வது போலிருக்கும்.

ராத்திரி அது அவளுக்கு.
பெரியாஸ்பத்திரி வார்டில்
ஆட்களைப் புரட்டிப் படுக்கவைக்கிற வேலை.
தொளதொளப்புக்கு
என் பழைய துண்டை மடித்துச் செருகிக்கொள்வாள்.

‘ஓய்வெடுங்க’ என்றார் டாக்டர்.
‘அதையும் சீட்டுல எழுதிக் குடுங்க சார்,
ஏஜென்சில காட்டணும்’ என்றாள்.
சிரித்துவிட்டு
மாத்திரை மட்டும் எழுதினார்.

தைலம் ஜன்னலில்.
பஞ்சு மெத்தை பரண்மேல்.
வெறும் பாயில் நான்.

ஆறே முக்கால்.
பர்ரென்று வெல்க்ரோ பிரியும்
சத்தத்தில்தான் தினமும் விழிக்கிறேன்.
பேசமாட்டாள். கண் சொருகும்.
அவள் நீட்டுகிற பெல்ட்டில்
பினாயில் வாசம், கொஞ்சம் ஈரம்,
உள்பக்கம் அவள் முதுகின் சூடு.

வெந்நீர்ப் பை ஓட்டையாகி
ஏழெட்டு மாசமாச்சு.
புதுசு வாங்கணும் என்று
இரண்டு பேருமே சொல்வதில்லை.

ஆறுவதற்குள்
கட்டிக்கொள்கிறேன்.