எடைச்சீட்டு

ஆரம்பாக்கம் மேடையில் முதலில் ஆட்டோவை மட்டும் ஏற்றினார்கள்.
அப்புறம் பறவையோடு.
கழித்தால் நாற்பது கிலோ.
யார்டை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு கிலோவையும்
கூலியில் பிடித்துக்கொள்வார் முதலாளி, அதனால்தான் எடை.
அந்த மேடைக்குப் பத்துக்குக் கீழே கண் தெரியாது.
ஏரியிலிருந்து நிஜப் பூநாரையே வந்து
ஒற்றைக் காலில் நின்றாலும் பூஜ்யம்தான்.

"சரக்கு?"
பூநாரை.
சீட்டு போடுகிறவர் கணினியில் தேடினார்.
பூசணி இருந்தது. பூண்டு இருந்தது.
"இரும்புக் கழிவுன்னு போட்டுடறேன்,
தடாவுல யாராவது நிறுத்தினா காட்டுங்க."
ஓட்டுநர் பெயர் பெஞ்சலய்யா.
என் பெயருக்குக் கட்டம் இல்லை.

கால்கள் பன்னிரண்டு எம்எம் கம்பி,
எளாவூரில் இடித்த கல்யாண மண்டபத்தின் தூணுக்குள் கிடந்தவை.
சுண்ணாம்புகுளம் கரையில் மூன்று ஞாயிறு உட்கார்ந்து பார்த்தேன்.
பின்னால் மடங்குகிறதே, அது முழங்கால் இல்லை.
கணுக்கால்.
முழங்கால் மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது.
குவியலில் குனிந்து பொறுக்கும்போது
எனக்கு வலிப்பது எது என்று
அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது.

கழுத்துக்கு இரண்டு சைலன்சர் வளைவுகள்,
வேறு வேறு வண்டி, வேறு வேறு விபத்து.
அலகு ஒரு கிக்கர்.
எவனோ எத்தனையோ காலையில் உதைத்து உதைத்துத் தேய்த்தது
நடுவில் அப்படியே கீழ்நோக்கி ஒடிந்திருந்தது.
நான் செய்ததெல்லாம்
அதைத் தலைகீழாகப் பிடித்ததுதான்.

இறகுக்கு நம்பர் பிளேட் கேட்டேன்.
போலீஸ் வரும், தொடாதே என்றார் முதலாளி.
ஆகவே பாமாயில் டின்.
தெலுங்கு எழுத்தை வெட்டினால் இறகாகிவிடுகிறது,
ஏற்கெனவே வளைந்திருக்கிறது.
தமிழில் 'ட' மட்டும் எங்கே வைத்தாலும் முட்டியது.
வாலடியில் மடித்துவிட்டேன்.

கண்தான் அமையவில்லை.
கோலி, பொத்தான், பல்பின் திருகு,
எல்லாம் பொம்மை முழி.
கடைசி நாள் தாடையைப் பற்றவைக்கும்போது
இரும்புத் துளி ஒன்று தெறித்து
இருக்கவேண்டிய இடத்தில் போய் உறைந்தது.
ஒரு பக்கம்.
மறுபக்கத்துக்குப் பதினோரு முறை தெறிக்கவிட்டேன்.
ம்ஹும்.

சூளூர்பேட்டை டிபன் கடை வாசலில்
ரமணையா அதை இரண்டு முறை சுற்றி வந்தார்.
"ரங்கு ஏதி?"
ரோஸ் கலர் எங்கே, பறவைத் திருவிழாவுக்கு ஒன்பது நாள்தான்,
வருகிறவர்கள் கொக்கு என்று சொல்லிவிட்டுப் போவார்களே.

என் தெலுங்கு, பேரம் பேச மட்டும் பழகிய தெலுங்கு.
அதை வைத்துச் சொன்னேன்:
குஞ்சில் அதுவும் சிமெண்ட் நிறம்தான்.
ஏரியில் இறாப்பொடி தின்னத் தின்னத்தான் சிவக்கும்.
தின்றதுதான் நிறம்.
இது தின்றது துரு.
பெஞ்சலய்யா நல்ல தெலுங்கில் திருப்பிச் சொன்னான்.
நல்ல தெலுங்கில் அது வெறும் சாக்குப்போல் கேட்டது.

ரமணையா சீட்டை வாங்கிப் படித்தார்.
இரும்புக் கழிவு. நாற்பது.
மனசுக்குள் பெருக்குவது உதட்டில் தெரிந்தது.
பாதி கொடுத்தார்.
மீதி, பெயிண்ட் அடித்த பிறகு.

நான் அடிக்கப் போகவில்லை.
கடலில் ஏதோ சின்னம், இரண்டு நாள் மழை.
மூன்றாம் நாள் பெஞ்சலய்யா போன் செய்தான்.
வெள்ளையடித்த பீடத்தில்
காலடியிலிருந்து கோடுகோடாக இறங்கியிருக்கிறதாம்,
ரோஸ் மாதிரியும் இருக்கிறதாம், இல்லை மாதிரியும்.
இட்லி வாங்க வந்தவர்கள் போட்டோ எடுக்கிறார்கள்.
"துடைக்கணுமான்னு கேக்கறாரு அக்கா."

அதை விட்டுவிட்டு வேறு கேட்டேன்.
கண் இருக்கிற பக்கம் எதைப் பார்க்கிறது?

கொஞ்ச நேரம் லாரிச் சத்தம்.
கல்லாவை, என்றான்.

அப்படியே இருக்கட்டும்.