ஒரு சாண்

வெள்ளைக்கோட்டுக்கு வெளியே ஒரு சாண் நீட்டி நின்றாலும்
டிராம் நின்றுவிடும்.
ஒதுங்கிப் போக அதற்குத் தெரியாது.
மணியடிக்கும், அடித்துக்கொண்டே இருக்கும்,
உள்ளே நாற்பது பேர் போனைப் பார்த்தபடி நிற்பார்கள்.
பிறகு எனக்கு அழைப்பு வரும்.

சட்டையில் ஓடெல் என்று தைத்திருக்கும். வண்டி இழுப்பவன்.
டெட்ராய்ட்டில், உட்வர்ட் சாலையில்,
ரயில் வந்ததால் எனக்கு வந்த வேலை.
குறை சொல்ல மாட்டேன்,
மகள் பல்லுக்குக் கம்பி கட்டியது இந்தக் காசில்தான்.

இன்று காலையிலேயே இரண்டு.
ஒன்று, நாய் பேக்கரிக்கு வந்த நீலக் கார்
(நாய்க்கென்றே பேக்கரி, ஆமாம்,
முன்பு அடகுக்கடை இருந்த இடம்).
இன்னொன்றின் சொந்தக்காரி கல்யாண கவுனைத் தூக்கிப் பிடித்தபடி
ஓடிவந்தாள்.
கொக்கியை இறக்கிவிட்டேன்.

மூன்றாவது ஒரு வேன். பழுப்பு.
பக்கவாட்டில் பாதி உரிந்த எழுத்து:
வெர்லீன் விக் மாளிகை.

ஈ காக்கை இல்லாத வருஷங்களில்
இந்தத் தெருவில் விளக்கெரிந்த ஒரே சன்னல்.
எதிர் ஹோட்டலின் பதினாறு மாடியிலும் புறாக்கள்.
சிவப்பு விளக்குக்கு யாரும் நிற்க மாட்டோம்,
குறுக்கே வர ஆளில்லை.
அப்போதெல்லாம் வேனை அவள்
சாய்த்துப் போடுவாள், குறுக்கே போடுவாள்,
நடுரோட்டில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவாள்.
தெரு முழுக்க அவள் வாசல்.

ஒரு சாண்.
அளந்தேன். என் கை பெரிது என்று
விரலை மடக்கி மறுபடி அளந்தேன்.
கடைக்கதவில் அட்டை: ஐந்து நிமிடத்தில் வருகிறேன்.
பின்னால் மணி.
காபிக்கடைக் கண்ணாடிக்குள் இருந்து
புதிதாய்க் குடிவந்த பையன் ஒருவன்
கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்,
எனக்கா ரயிலுக்கா தெரியவில்லை.
மாட்டினேன்.

சிக்னலில் நிற்கும்போதுதான் கண்ணாடியில் பார்த்தேன்.
வேனுக்குள் தலைகள்.
ஏழோ எட்டோ, வரிசையாய், பெல்ட் போட்டு,
எல்லாம் என்னையே பார்த்தபடி.
ஒன்றுக்கு என் முன்னாள் மனைவியின் சுருள்.
அதன்பிறகு கண்ணாடியைத் திருப்பிவைத்து ஓட்டினேன்.

வண்டிக் கொட்டடி
ரயில் முடியும் இடத்துக்கு அப்பால் இரண்டு மைல்.
பஸ் உண்டு, வந்தால்.

மறுநாள் வந்தாள். பூட்ஸ் முழங்கால்வரை
உப்பும் பனியும்.
"முதல்முறை ஏறினேன்" என்றாள் ஜன்னலில் இருந்த பெண்ணிடம்,
"உள்ளே நல்ல சூடு.
அப்புறம் இறக்கிவிட்டான்."
இருநூற்றுப் பத்து டாலரை இருபதும் பத்துமாய்
எச்சில் தொட்டு எண்ணி வைத்தாள்.
"முப்பத்தொரு வருஷம்..." என்று ஆரம்பித்து
ரசீதை மடிப்பதில் இறங்கிவிட்டாள்.

நான் டயரை உதைத்துக்கொண்டு நின்றேன்.
நான்தான் என்று சட்டையைப் பார்த்தே கண்டுகொண்டாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
கதவைத் திறந்து ஒவ்வொரு தலையாய்த் தொட்டுப் பார்த்தாள்,
சாய்ந்திருந்த ஒன்றின் வகிடை நேராக்கினாள்.

"திருப்பத்தில் மெதுவாய்த்தானே எடுத்தே?"

"மெதுவாத்தான், மிஸ் வெர்லீன்."

தலையசைத்தாள். அது மன்னிப்பா, விலையா, என்னவோ.
வேன் இருமி, கிளம்பியது.

இந்தப் பக்கம் இன்னும் எதுவும் வரவில்லை.
பலகை அடித்த வீடுகள், புல் முளைத்த மனைகள்,
மூலையில் ஒரே ஒரு சிக்னல்.
சிவப்பு.
குறுக்கே ஆளில்லை.

அவள் நிற்கவில்லை.