இருபது சென்

ஏழு மணிக்கு லிம் கல்லாவைப் பூட்டிவிட்டுப் போவார்.
ஷட்டரைப் பாதி இறக்குவேன்.
குனிந்து குனிந்து வருவார்கள்,
கையில் பிளாஸ்டிக் கோப்பு,
சட்டையில் செம்பனை ஆலையின் வாடை.
பாடாங் செராயில் இந்த நேரத்துக்கு
வேறெந்தக் கடையிலும் பிரிண்டர் சூடாக இருக்காது.

போன வாரம் கேவின்ராஜ்.
மருத்துவ உதவியாளர் டிப்ளோமா.
இப்போது பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை.
பிறப்புப் பத்திரத்தில் அவன் அப்பா முனியாண்டி
ஒய்யில் முடிகிறார்,
அடையாள அட்டையில் ஐயில்.
மூன்று முறை திருப்பிவிட்டது கணினி.
தோட்டத்துக் கிராணி எப்போதோ செத்துப்போனார்,
அவர் போட்ட எழுத்து சாகவில்லை.
சத்தியப் பிரமாணம் அடித்துக் கொடுத்தேன்.
சுங்கை பட்டாணியில் முத்திரைக்கு நாலு வெள்ளி,
பஸ்ஸுக்குத் தனியாக.

எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் கிளினிக்.
காலை ஆறரைக்கே நம்பர் எடுத்துவிட்டு
நோயாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.
இந்தப் பக்கம் நாங்கள்.
நடுவில் அழிந்துபோன ஒரு வரிக்குதிரைக் கோடு.

தேவாஷினிக்கு நேர்காணல் வந்தது.
நான்தான் அதிகாரி, நான்தான் மேசை,
ஸ்டேப்ளர்தான் மணி.
எங்கே போட்டாலும் போவீர்களா?
"சங்குப், புவான்."
அரை நொடி தாமதம்.
மறுபடி.
"சங்குப், புவான்."
மறுபடியும் அதே அரை நொடி.
அதற்குள் அவள் அம்மாவின் டயாலிசிஸ்
செவ்வாய், வியாழன், சனி என்று வரிசையாக வந்து போகிறது
எனக்கும் தெரியும்.
"அதைத்தான் எழுதிக்கொள்வார்கள்" என்றேன்,
"நீ சொன்ன சொல்லை இல்லை."

வாசலில் மோட்டாரில் காத்திருந்த அவள் தம்பி
தலையை உள்ளே நீட்டிக் கேட்டான்:
"என்னக்கா, யாருக்குச் சங்கு?"
யாரும் சிரிக்கவில்லை.
கொஞ்சம் கழித்துச் சிரித்தோம்,
தேவா கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு.

என் கோப்பு கீழ் இழுப்பறையில் இருக்கிறது,
ஏ-நான்கு தாள் கட்டுகளுக்கு அடியில்.
பிசியோதெரபி. நாலு வருடம்.
மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி
பதில்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம்.
கேள்விதான் வரவில்லை.
லிம்மின் தோள்பட்டை பிடித்துக்கொண்டால்
கல்லாவுக்குப் பின்னால் வைத்து எடுத்துவிடுவேன்,
அன்றைக்கு மட்டும் தே ஓ வாங்கித் தருவார்.

நேற்று அவளுக்கு மின்னஞ்சல்.
காப்பிட், சரவாக்.
வரைபடத்தைப் பெரிதாக்கினோம், இன்னும் பெரிதாக்கினோம்,
ஆறு மட்டும் தடித்துக்கொண்டே போனது.
பதினான்கு நாளில் ஆஜராக வேண்டும்.

"போகட்டுமாக்கா?"
என்னைப் போய்க் கேட்டாள்.
ஸ்டேப்ளரில் ஊசி தீர்ந்திருந்தது.
தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது பத்து வெள்ளி நோட்டு நீட்டியிருந்தாள்,
மீதி வேண்டாம் என்றாள்.
கடை என்னுடையதில்லை.
இரண்டு பக்கம், இருபது சென்.
ஒன்பது எண்பதை எண்ணி
அவள் உள்ளங்கையில் வைத்து மூடினேன்.

ஷட்டருக்கு அடியில்
யாருடையதோ வெள்ளைக் காலணி,
தயங்கி,
பிறகு குனிகிறது.