லிட்டருக்கு எவ்வளவு

விவாகரத்தில் எனக்கு வந்தது இந்த வண்டி:
இரண்டே இருக்கை, சிவப்பு,
லிட்டருக்கு எட்டு.
"ரேஸ் வண்டி அப்படித்தான் குடிக்கும்" என்பார் அவர்,
தன்னைப் பற்றிச் சொல்வதுபோல.
பாண்டியில் பெட்ரோல் மலிவு,
யார் கணக்குப் பார்த்தது.

முத்தியால்பேட்டையில் செலஸ்தீன் பட்டறை.
பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தான்.
நான்கும் கரி.
"அதிகமா ஊத்துதுக்கா" என்று
கார்புரேட்டர் ஜெட்டை
வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தான்.
ஏர் ஃபில்டரில் கடற்கரை மணல்,
யாரோடு போனதோ.

டயருக்குக் காற்று. டைமிங். புது பிளக்.
டேங்கை வாய்வரை நிரப்பி
மஞ்சக்குப்பம் ஆபீஸுக்கு மூன்று நாள்,
ரெட்டிச்சாவடியில் மணல் லாரிக்குப் பின்னாலேயே
பொறுமையாக.
மறுபடி நிரப்பி வகுத்தேன்.
பத்தரை.
இவ்வளவு செய்தும் பத்தரை.

செலஸ்தீன் தலையைச் சொறிந்தான்.
"ஒவ்வொரு சக்கரமா தொட்டுப் பாருங்க."
மூன்று வெதுவெதுப்பு.
பின்னால் இடது, தோசைக்கல்.
யாரும் மிதிக்காமலே
பிரேக் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது
எத்தனை வருஷமோ.
நாங்கள் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

ஒரு ஸ்பிரிங். நூற்றைம்பது ரூபாய்.

இன்று அரியாங்குப்பம் பாலத்து இறக்கத்தில்
ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.
வண்டி தயங்கவில்லை.
இளநீர்க்காரரைத் தாண்டி
நின்றிருந்த டவுன் பஸ்ஸைத் தாண்டி
தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.
எங்கே நிறுத்துவது என்று
எனக்கே கொஞ்ச நேரம் தெரியவில்லை.

டேஷ்போர்டு நோட்டில்
அவர் கையெழுத்து: எட்டு, எட்டு, ஏழே முக்கால்.
பக்கத்தின் அடியில் இடம் இருந்தது.
பதின்மூன்றரை என்று எழுதி
தேதி போட்டேன்.